கன்னி மூலையில் ஒரு துளை

திருப்பூரில் நான் ஜியாலஜி படித்தவள் என்று சொன்னால் வரும் முதல் கேள்வி, "போர் போட எடம் காட்டுவீங்களா?" அடுத்த கேள்வி, "தேங்கா வச்சுப் பாப்பீங்களா, வேப்பங்குச்சியா?" அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டதில்லை. கல்யாண வீட்டில், டவுன் பஸ்ஸில், வங்கி வரிசையில், எங்கே போனாலும் இதே இரண்டுதான். ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு அலுத்துவிட்டது. "தேங்கா சட்னிக்கு மட்டுந்தானுங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நான் தண்ணீர் பார்க்கிறவள் இல்லை. ஒரு கட்டடம் நிற்கப்போகும் இடத்துக்கு அடியில் என்ன மண், என்ன பாறை, அது எவ்வளவு தாங்கும் என்று பார்த்துச் சொல்கிறவள். பொறியியல் நிலவியல் என்று அதற்குப் பெயர். இதைச் சொன்னால், "அதுக்குத்தான் இன்ஜினியர் இருக்காருங்களே" என்பார்கள். இன்ஜினியர் இருக்கிறார், இல்லை என்று யார் சொன்னது? அவர் தரைக்கு மேலே வருவதையெல்லாம் கணக்குப் போடுவார். கீழே இருப்பதை யாராவது அவருக்குச் சொன்னால்தானே அதையும் கணக்கில் சேர்ப்பார்.

இந்தத் தொழில் வளர்ந்ததெல்லாம் அணைக்கட்டுகளில். கல்லூரிக் காலத்தில் எங்களை அமராவதி அணைக்குக் கூட்டிப்போனார்கள். பாறையின் விரிசல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று உச்சி வெயிலில் காம்பஸை வைத்து அளந்தோம். அணை கட்டுவதென்றால் பாறையைப் பார்க்காமல் ஒருவரும் ஒரு கல் எடுத்து வைக்க மாட்டார்கள். மலையைக் குடைந்து ரயில் விடுவதென்றாலும் அப்படித்தான். ஆனால் நாங்கள் படித்து வெளியே வந்த இரண்டாயிரங்களில் பெரிய அணைகள் எல்லாம் கட்டி முடிந்திருந்தன. கட்டட வேலை முழுக்க ஊருக்குள் வந்திருந்தது. ஊருக்குள் எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை. அணை உடைந்தால் பேப்பரில் வரும், பனியன் கம்பெனிச் சுவர் விழுந்தால் உள்ளூர்ச் செய்தியோடு போய்விடும் என்ற தைரியம்தான். எனக்கு வயிறு எரியும்.

என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனார்கள். சிலர் கிரானைட் குவாரிக்குப் போனார்கள். "நீ மட்டும் ஏன்டி இந்த மண்ணைக் கட்டிக்கிட்டு அழற?" என்று ஒரு தோழி போனில் கேட்டாள். அழவில்லை, சண்டை போடுகிறேன் என்றேன். அவள் சிரித்தாள்.

அப்போது வெளிநாட்டு ஆர்டர்கள் வந்து கொட்டிக்கொண்டிருந்தன. பெருமாநல்லூர் பக்கம் சோளமும் கடலையும் விளைந்த காடுகள் ஒவ்வொன்றாகக் கம்பெனியாகிக்கொண்டிருந்தன. கடன் கொடுக்கும் வங்கி 'சாயில் டெஸ்ட்' ரிப்போர்ட் கேட்கும். அதற்காகவே ஒரே ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பவர்கள் இருந்தார்கள். களிமண் பூமிக்குக் கொடுத்த ஒரு ரிப்போர்ட்டில் 'கடற்கரை மணல்' என்று எழுதியிருந்ததை நானே படித்தேன். திருப்பூருக்குக் கடல் எப்போது வந்தது என்று கேட்டதற்கு, "அதெல்லாம் யாருங்க படிக்கறா" என்றார் அதைக் கொடுத்தவர். படிக்கிறவள் ஒருத்தி எதிரே நிற்கிறாள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

எங்கள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்காக வந்தது. வீட்டுக்குள் தெக்கத்தித் தமிழ், வாசலைத் தாண்டினால் 'ங்க' போட்ட தமிழ் என்று இரண்டையும் பேசி வளர்ந்தவள் நான். அப்பா இறந்த பிறகு அம்மாவின் சம்பளத்தில்தான் படித்தேன். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தார். தைத்து வரும் உருப்படிகளை மேஜையில் விரித்துப் போட்டு, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கும் வேலை. அந்தக் கம்பெனி முதலாளி புதிதாக நிலம் வாங்கி மூன்று மாடிக் கட்டடம் எழுப்பப்போகிறார் என்று தெரிந்ததும், அம்மா நேரே அவர் அறைக்குப் போய், "எம் மவ மண்ணு டெஸ்ட் பண்ணுதா மொதலாளி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். எனக்குத் தெரியாமல் செய்த சிபாரிசு. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் முதலாளியிடமிருந்து போன் வந்துவிட்டது.

நிலத்தில் எனக்கு முன்பே மூன்று பேர் நின்றிருந்தார்கள். முதலாளி, கட்டட இன்ஜினியர், அப்புறம் வாஸ்து பார்க்கிற ஜோசியர். முதலாளி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். முருகன் படம் போட்ட மோதிரம் போட்டிருப்பார். "வா கண்ணு, சாப்புட்டயா?" என்றுதான் ஆரம்பித்தார். பிளானை ஜீப் பானெட்டின் மேல் விரித்தார்கள். காற்றில் பறக்காமல் இருக்க நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன்.

தென்மேற்கு மூலையில், வாஸ்துக்காரர்கள் கன்னி மூலை என்கிற இடத்தில், ஒரு பெரிய கட்டம் போட்டிருந்தது. மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. மொத்தக் கம்பெனிக்கும், தீயணைப்புக்கும் சேர்த்து ஒரே தொட்டி. கட்டடத்திலேயே அதிக எடை அந்த மூலையில்தான். தொட்டிக்கு நேர் கீழே, தரைத்தளத்தில், செக்கிங் செக்சன்.

"கன்னி மூல ஒசரமா இருக்கோணும், பாரமா இருக்கோணும்" என்று ஜோசியர் சொன்னார். "அங்க பள்ளமே ஆவாதுங்க. கெணறு, போரு, குழி எதுவும் கூடாது. குடும்பத்துக்கு ஆவாது."

முதலாளி என்னைப் பார்த்தார். "எங்கெங்க தொள போடோணுமோ போட்டுக்க கண்ணு. கன்னி மூலைய மட்டும் தொடவேண்டாம்."

அதாவது, எங்கே அதிக பாரம் உட்காரப்போகிறதோ அங்கே மட்டும் பார்க்கக் கூடாது. இதை இவர்களிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மற்ற இடங்களில் நாலு துளை போட்டேன். நாலிலும் சீக்கிரமே பாறை வந்துவிட்டது. மேலே செம்மண், அதற்கடியில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல், அதற்கும் கீழே நல்ல கெட்டிப் பாறை. இன்ஜினியருக்கு ஏகச் சந்தோஷம்.

"நாலு எடத்துலயும் பாறை. அப்பறம் அஞ்சாவது எதுக்குங்க மேடம்? பூமிக்கு அடியில என்ன பாறை கட் ஆகி கட் ஆகியா இருக்கும்?"

பாறை தானாகக் கட் ஆகாது. மனிதன் வெட்டினால் கட் ஆகும். எனக்கு அந்தச் சந்தேகம் முதல் நாளே வந்துவிட்டது. தெற்கு வேலி ஓரமாக ஜல்லிக் குவியல் மாதிரி உடைந்த கல் கிடந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. காட்டில் கல் கிடந்தால் யார் பார்க்கிறார்கள்? நான் பார்த்தேன், அதற்காகத்தானே படித்தேன். வெயிலிலும் மழையிலும் கிடந்து பழுத்த மேற்பாறை இல்லை அது. ஓரமெல்லாம் கூராக, உள்ளே பளபளவென்று, ஆழத்திலிருந்து வெடி வைத்து எடுத்த பாறை. ஒரு கல்லில் வெடிமருந்து திணிக்கத் தமர் என்கிற துளை போட்ட தடம் பாதியாகத் தெரிந்தது. இந்த ஊரில் கிணறு வெட்டும்போது வெளியே வந்து விழுகிற கல் இப்படித்தான் இருக்கும். பெரும்பகுதியை ரோடு போடுகிறவர்களுக்கு விற்றிருக்க வேண்டும், இது மிச்சம். கல் இங்கே இருக்கிறது என்றால் கிணறு எங்கே?

ஒரு மழை பெய்தது. மறுநாள் போய்ப் பார்த்தேன். நிலம் முழுக்கக் காய்ந்திருந்தது, தென்மேற்கு மூலை மட்டும் வட்டமாக லேசாக அமுங்கி, ஈரமாக இருந்தது. எனக்குப் பயம் வரவில்லை, கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்தான் வந்தது என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. நிலத்தை அவருக்கு விற்றவர் ஒரு புரோக்கர். அவர் வேறொரு விவசாயியிடம் வாங்கி, சமப்படுத்தி, பிளாட் மாதிரி ஆக்கி விற்றிருந்தார். பத்திரத்தில் கிணறு என்று ஒரு வார்த்தை கிடையாது. கன்னி மூலையில் கிணறு இருக்கிற பூமியை இந்தச் சீமையில் யார் வாங்குவார்கள்? அதனால்தான் மூடியிருக்கிறார் என்றேன்.

"ஜோசியரு பாத்து நல்ல பூமின்னு சொல்லித்தானுங்க வாங்கினது" என்றார் முதலாளி.

"ஒரே ஒரு தொள போட்டாத் தெரிஞ்சிருமுங்க சார்."

"அது மட்டும் ஆவாது கண்ணு." குரல் துளிக்கூட உயரவில்லை. பாறையோடு மோதினால்கூட ஒரு சத்தம் கேட்கும். இவரிடம் அதுகூட இல்லை.

அந்த இடத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போயிருக்கலாம். 'தென்மேற்கில் ஆய்வு செய்ய அனுமதி இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தால் என் தலை தப்பியிருக்கும். சட்டப்படி அதுவே போதும். ஆனால் நாளைக்குத் தொட்டி நிறைய தண்ணீர் நின்று, அடியில் மண் அமுங்கி, தூண் இறங்கினால்? கீழே மேஜைக்கு மேஜை பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். 'அனுமதி இல்லை' என்ற என் வரியைத் தூக்கிக்கொண்டு போய் யாரிடம் காட்டுவது?

அதனால் ஜோசியரைப் பிடித்தேன். "சாமி, கன்னி மூலைங்கறது எதுவரைக்கும்னு கொஞ்சம் கோடு போட்டுக் காட்டுங்களேன். தெரியாம நாங்க மிதிச்சறக் கூடாதுல்லைங்க" என்றேன். பவ்வியமாகத்தான் சொன்னேன். அவருக்கு ரொம்பத் திருப்தி. நிலத்தை நீள அகலத்தில் பிரித்து அளந்து, சுண்ணாம்புப் பொடியால் பட்டையாக ஒரு கோடு போட்டார். இதற்குள்ளே ஆகாது, வெளியே எது வேண்டுமானாலும் செய்யலாம் என்று முதலாளி முன்னிலையில் உறுதியாகச் சொன்னார்.

துளை போடும் இயந்திரத்தைக் கோட்டுக்கு ஓர் அடி வெளியே நிறுத்தச் சொன்னேன். அதன் தலையைக் கோட்டுக்குள்ளே பார்த்து நன்றாகச் சாய்க்கச் சொன்னேன். அணைகளில் இது சர்வ சாதாரணம். ஆற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க, கரையில் நின்றுகொண்டு சாய்த்துத்தான் போடுவார்கள். திருப்பூரில் யாரும் அதைப் பார்த்ததில்லை. இயந்திரம் ஓட்டுகிறவர் தலையைச் சொறிந்தார். "சாச்சுப் போட்டா ராடு கோணிட்டு இழுக்கும் மேடம்" என்றார். இழுத்தால் நான் பொறுப்பு என்றேன்.

ஜோசியருக்கு விஷயம் புரிவதற்குள் இயந்திரம் ஓட ஆரம்பித்துவிட்டது.

"ஏனுங்க, இது உள்ளுக்குத்தான போகுது!"

"தொளையோட வாய் வெளியதானுங்க சாமி இருக்கு. நீங்க போட்ட கோடுதானுங்களே."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கோட்டைப் பார்த்தார், இயந்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கெட்டிக்காரப் புள்ளதான் போ. சரி, ஓட்டுங்க" என்றார். விளையாட்டாகத்தான் விட்டார். ஒன்றும் வராது என்று நினைத்திருப்பார்.

முதலில் செம்மண் வந்தது. வழக்கமாகச் சுக்கான்கல் வரவேண்டிய ஆழத்தில் அது வரவில்லை. துளைக்குள் விட்ட தண்ணீர் மேலே திரும்பி வராமல் உள்ளேயே போய்க்கொண்டிருந்தது. டேங்கர் தண்ணீர் குடம் குடமாக இறங்கியும் மேலே ஒரு சொட்டு வரவில்லை. இன்ஜினியர் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். மண் எடுக்கும் குழாயை இறக்கி, தட்டி, வெளியே இழுக்கச் சொன்னேன். குழாயைப் பிளந்ததும் நாற்றம் குப்பென்று அடித்தது. உள்ளே மண் இல்லை, கல் இல்லை. பனியன் வேஸ்ட். கட்டிங்கில் விழுகிற துணித் துண்டுகள், சிவப்பும் நீலமும் கலந்து, கறுப்புச் சேற்றில் ஊறி, மக்கியும் மக்காமலும். பனியன் கழுத்தில் வைத்துத் தைக்கிற காலர் ரிப் ஒன்று அப்படியே முழுசாக இருந்தது. இன்னும் கீழே இறக்கினோம், அங்கேயும் துணி. அதற்கும் கீழே பாலிதீன் பை, தென்னை மட்டை, மறுபடியும் துணி.

ஊரில் கிணற்றை மூட மண் வாங்க வேண்டும், வேஸ்ட் சும்மாவே கிடைக்கும். மூட்டை மூட்டையாகக் கொட்டி, மேலே இரண்டு லோடு செம்மண்ணைப் பரப்பி, உழுதுவிட்டால் யார் கண்டார்கள்? வேறு எந்த ஊரிலும் ஒரு கிணற்றை இப்படி மூடியிருக்க முடியாது. துணியை வெட்டிப் பிழைக்கிற ஊர் நம்முடையது.

ஜோசியர் முகம்தான் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் நல்ல பூமி என்று சொன்ன பூமி. "கெணறு. கன்னி மூலைல கெணறு" என்று முணுமுணுத்துக்கொண்டே வேலி ஓரமாகப் போய் நின்றுகொண்டார். முதலாளி அந்தக் காலர் ரிப்பைக் குனிந்து பார்த்தார், தொடவில்லை. எனக்கு ஜெயித்த மிதப்பு. அன்று சாயங்காலம் பஸ்ஸில் யாராவது 'போர் போட எடம் காட்டுவீங்களா' என்று கேட்டிருந்தால்கூடச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லியிருப்பேன்.

அந்த மிதப்பு ரிப்போர்ட் கொடுக்கப் போன நாளோடு முடிந்தது. முதலாளியின் அறை தையல் ஹாலுக்கு மேலே, கண்ணாடி போட்ட அறை. ரிப்போர்ட்டை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். சாய்ந்த துளையைப் பற்றிய பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

"இதுல எல்லாம் நல்லா எழுதியிருக்க கண்ணு. இந்த ஒரு பக்கத்த மட்டும் எடுத்துரு."

நான் அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்தேன்.

"தொட்டிய மேக்கால நடுவுல தள்ளி வச்சுக்கறேன். ஜோசியரும் மேக்கு உத்தமம்னுட்டாரு. மூலைல தொட்டி இல்ல, வெறும் செக்கிங் செக்சன்தான். ஆனா கன்னி மூலைல கெணறுன்னு எழுத்துல இருந்தா, பேங்க்ல பாப்பான், நாளைக்கு எம் பசங்க விக்கோணும்னாலும் விக்க முடியாது. சொந்தபந்தத்துல எம்பட பேரு என்ன ஆகறது?"

"மூலைல கட்டடமும் ஆகாதுங்க சார். பாதிக் கால் பாறையிலயும் பாதிக் கால் பஞ்சுலயும் ஊனி நின்னா, பஞ்சுல இருக்கற கால் எறங்கிரும். சொவுரு பொளக்கும். தொட்டி இல்லாட்டியும் மேல மூணு மாடி இருக்குதுங்களே."

"இன்ஜினியரு கம்பி சேத்துப் போட்டுக்கலாம்னு சொல்றாரு."

"கம்பி எதப் புடிச்சுட்டு நிக்குமுங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் கண்ணாடிச் சுவர் வழியாகக் கீழே கையைக் காட்டினார். ஹாலின் ஓரத்தில் அம்மா ஒரு டீ-ஷர்ட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கம்மாவும் நெம்ப வருசமா நம்மகிட்டதான் இருக்காங்க. பாத்துச் செய் கண்ணு."

மிரட்டினார் என்று சொல்ல முடியாது. அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். ஒரு பக்கம்தானே என்று ஒரு கணம் தோன்றியதையும் மறைக்கவில்லை. நான் எழுதாவிட்டால் வேறொருவர், திருப்பூருக்குக் கடற்கரை மணலைக் கொண்டுவந்தவரே, இதைவிட அழகாக எழுதிக் கொடுப்பார். இந்தத் தொழிலுக்கு இங்கே எதிர்காலம் இருக்கிறதா இல்லையா என்று கருத்தரங்குகளில் மைக் பிடித்துப் பேசுகிறார்கள். எனக்கு அந்த அறையில் அது ஒரு பக்கக் காகிதமாக என் கையில் இருந்தது. "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றுகூடச் சொல்லவில்லை. "எடுக்க முடியாதுங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் அம்மா என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். விஷயம் எனக்கு முன்பே அவருக்குப் போயிருந்தது.

"ஒனக்குக் கிறுக்காட்டி புடிச்சிருக்கு? நாம் போய்க் கெஞ்சி வாங்கிக் குடுத்த வேல. மொதலாளி சொல்லுததுக்கு நீ எதுத்துப் பேசுத? இந்த வயசுல என்ன எந்தக் கம்பெனியில சேத்துக்குவாவ?"

"தப்பா எழுதச் சொல்லுதாரும்மா."

"எழுதச் சொன்னாரா? எழுதாதன்னுதான சொன்னாரு. பேசாம இருக்கதுக்கு ஒனக்கு என்ன கேடு?"

நானும் கத்தினேன். அவரும் கத்தினார். அக்கம்பக்கத்து வாடகைக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். கடைசியில் களைத்துப் போய் நான் கேட்டேன்: "வேஸ்ட் மூட்ட மேல பலகையப் போட்டு, அதுமேல மூணு கட்டில அடுக்கி, நீ மேல ஏறி உக்காருவியாம்மா?"

"கோட்டி மாதிரிப் பேசாத."

"அதத்தான் கெட்டப் போறாவ. அந்த மூலையில."

அம்மா அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டார். "அந்த மூலையில எந்த செக்சன் வருது?"

"செக்கிங்."

அம்மா எழுந்து போய்த் தட்டை எடுத்து வைத்தார். சோறு போட்டார். நான் சாப்பிட்டேன். எனக்கு அவர்மேல் கோபம், அவருக்கு என்மேல் கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டு படுத்தேன்.

காலையில் முதலாளி மறுபடி வரச் சொல்லியிருந்தார். இன்ஜினியரும் இருந்தார். நான் அதே ரிப்போர்ட்டை, அதே பக்கத்தோடு, மேஜையில் வைத்தேன். முதலாளி பெருமூச்சு விட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். கதவைத் தட்டிவிட்டு அம்மா உள்ளே வந்தார். கையில் அளவு டேப், தோளில் நூல் ஒட்டியிருந்தது. என்னை அவர் பார்க்கவே இல்லை.

"மொதலாளி, ஒரு வார்த்த."

"சொல்லுங்கம்மா."

"எம் மவ என்ன படிச்சிருக்கான்னு எனக்கு வெளங்காது. மண்ணு, பாற, அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா அந்த மூலையில உக்காரப் போறது நாந்தான். எங்கூட இருக்க பிள்ளைய அத்தன பேரும். கீழ கெணறு கெடக்குன்னு தெரிஞ்ச பொறவு நான் அங்க உக்கார மாட்டேன். பிள்ளைய எங்கிட்ட வந்து கேட்டா மறைக்கவும் மாட்டேன்."

முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். "ஏனுங்கம்மா, இத்தன வருசமா இருக்கீங்க. நான் உங்களுக்குக் கெடுதல் பண்ணுவனுங்களா?"

"பண்ண மாட்டீய. அதான் ஒங்ககிட்ட வந்து சொல்லுதேன்."

அம்மா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. முதலாளி உட்கார்ந்தார். பிளானை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் அந்த மூலையையே பார்த்தார். பிறகு இன்ஜினியரிடம் பென்சிலைக் கேட்டு வாங்கி, அவரே ஒரு கோடு போட்டார். கட்டடம் அந்த மூலைக்கு முன்பே நின்றது. மூலை வெறும் நிலமாக வெளியே விடப்பட்டது.

"செக்கிங்க கெழக்கால கொண்டு போயிருங்க" என்றார் இன்ஜினியரிடம். அப்புறம் என்னிடம், "ரிப்போர்ட்ல அந்தப் பக்கம் இருந்துட்டுப் போகட்டும் கண்ணு" என்றார்.

நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு ஆத்திரமாக இருந்தது. அத்தனை துளை, பெட்டி நிறையப் பாறைத் துண்டு, குழாய் நிறைய நாறிய துணி, வருடக்கணக்காகப் படித்த படிப்பு, இவ்வளவும் அசைக்காத மனிதரை அம்மாவின் நாலு வரி அசைத்துவிட்டது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி வாசலில் அம்மாவிடம் அதையே சொன்னேன். இவ்வளவு எழுதியும் அவருக்குப் புரியவில்லை, நீ சொன்னதும் புரிந்துவிட்டதா என்று கேட்டேன்.

அம்மா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டார். "நீ எழுதினதுல நான் எங்கட்டி இருந்தேன்?"

ரிப்போர்ட்டின் நகல் என் பையில்தான் இருந்தது. வாசலிலேயே நின்று அதை எடுத்து மறுபடி படித்தேன். மண் இருந்தது, பாறை இருந்தது, ஆழம் இருந்தது, எவ்வளவு தாங்கும் என்ற எண் இருந்தது. மேலே உட்காரப்போகிறவர் ஒருவர்கூட அதில் இல்லை. அணை கட்டிய காலத்திலிருந்து நாங்கள் அப்படித்தான் எழுதக் கற்றிருக்கிறோம்.

அன்றிலிருந்து என் ரிப்போர்ட்டுகள் வேறு மாதிரித் தொடங்குகின்றன. இந்த மண்ணின் மேல் எந்த இடத்தில் யார் உட்காருவார், யார் நிற்பார், எத்தனை மணி நேரம் இருப்பார் என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் பாறைக்கு வருவேன். எந்த விதியிலும் அது கிடையாது, யாரும் கேட்டதும் கிடையாது. போன மாதம்கூட ஒரு பெரிய கம்பெனியின் இன்ஜினியர் போனில் கூப்பிட்டு, இது டெக்னிக்கல் ரிப்போர்ட், அந்த முதல் பக்கம் தேவையில்லை, எடுத்துவிட்டு அனுப்புங்கள் என்றார்.

எடுக்க மாட்டேனுங்க என்றேன்.